நான் செத்துப்போன படம்

என் சினிமா வாழ்க்கை ஒரு மத்தியானம் தொடங்கி, அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் எடுத்த இங்கிலீஷ் படம். அதில் எனக்கு வசனம் கிடையாது, நடை கிடையாது, கண்ணைத் திறக்கிற வேலைகூடக் கிடையாது. பழவேற்காடு ஏரியில் முழுகிச் செத்துப்போன மீனவப் பெண்ணாகக் கரையில் படுத்திருக்க வேண்டும். இந்தக் கதையைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிக்க வாய்க்கவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் ஒரே ஒரு சிரிப்புக்காகப் பைத்தியம் மாதிரி அலைந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் குப்பம் ஏரிக்கரையில் இருந்தது. நைனா ஏரியில் இறால் பிடிப்பவர். குப்பத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே தண்ணீரில் இறங்கிவிடும். என்னை மட்டும் அம்மா கணுக்கால் நனைய விட்டதில்லை. படகில் ஏற்றமாட்டாள். மழைக்காலத்தில் வாசலில் தேங்குகிற குட்டையைக்கூட மண் போட்டு மூடுவாள். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் எட்டு வயதில் முகத்துவாரத்தில் முழுகிப்போனது எனக்குத் தெரியும். அதனால் வந்த பயம் என்று நினைத்துக்கொள்வேன். மற்ற பிள்ளைகள் என்னைக் கரைக்கோழி என்று கூப்பிடும். எனக்கு அப்போது எட்டு வயது நடந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் கார்களும் வேன்களுமாக ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் பழவேற்காட்டில் வந்து இறங்கியது. கதை என்னவென்று ஊருக்குச் சொன்னவர் கடைத்தெருவில் கருவாட்டு மண்டி வைத்திருந்த பாய். கொஞ்ச காலம் ரங்கூனில் வியாபாரம் செய்தவர், இங்கிலீஷ் பேசுவார். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் குப்பத்துக்கு வைத்தியம் பார்க்க வருகிறாராம். ஒரு சின்னப் பெண் தண்ணீரில் விழுந்து, அவர் ஓடி வருவதற்குள் செத்துப்போகிறாளாம். அந்தப் பெண்ணுக்கு ஆள் வேண்டும். பாய் டைரக்டரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தார். பிள்ளை படத்தில் வரும் என்றபோது வாயெல்லாம் பல்லாக நின்ற தாய்மார்கள், என்னவாக வரும் என்று தெரிந்ததும் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி வாசல் தெளிக்கிற சாக்கில் சாணித் தண்ணீரைப் பாயின் காலிலேயே தெளித்தாள்.

எங்கள் வீட்டைப் பாய் நிற்காமலே கடந்துபோகப் பார்த்தார். அண்ணன் போன கதை அவருக்குத் தெரியும். அம்மாதான் கூப்பிட்டாள்.

"பாய், எம் பொண்ணு படுப்பா. இட்டுக்கினு போங்க."

வலை பின்னிக்கொண்டிருந்த நைனா எழுந்துவிட்டார். "இன்னாடி, பைத்தியம் கியித்தியம் புட்ச்சிக்கிச்சா ஒனக்கு? ஒண்ண வாரிக் குடுத்தது பத்தலியா?"

"நீ கம்முனு இருய்யா. நான் பெத்த பொண்ணு, எனக்குத் தெரியும்."

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் காலில் தண்ணீர் பட்டாலே பதறுகிறவள், என்னைத் தண்ணீரில் செத்தவளாகக் கொடுக்கத் தயாராக நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் விளையாட்டு இல்லை. பயம் அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த இடத்தில் என் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நைனாவுக்கு அக்கா. ஏரியின் வடக்கே ஆரம்பாக்கம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அழுகை என்றால் எங்கள் வம்சத்தில் அவள்தான். அவள் ஒப்பாரி வைத்தால் செத்தவனுக்குக் கடன் கொடுத்தவனும் கண்ணைத் துடைப்பான். ஒருமுறை என் தாய்மாமன் தலையில் காக்கை அடித்துவிட்டது. எங்கள் பக்கம் அப்படி அடித்தால் அந்த ஆளுக்குக் கண்டம் என்பார்கள். அதைக் கழிக்க, அவர் செத்துப்போனதாகத் தூரத்து உறவுக்குப் பொய்ச் சேதி அனுப்புவார்கள். அந்த உறவு நிஜமென்று நம்பி அழுதால், வரவேண்டிய சாவு அந்த அழுகையோடு போய்விடும். மாமாவுக்காக அத்தைக்குத்தான் சேதி போனது. மாரடித்துக்கொண்டு வந்து சேர்ந்த அத்தை, மாமா முற்றத்தில் உட்கார்ந்து நாஷ்டா தின்பதைப் பார்த்துத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்தினாள். அப்புறம் ஒரு புதுப்புடவையும் கோழிக்குழம்புமாக அவளைச் சமாதானம் செய்தார்கள்.

ஷூட்டிங் நாளன்று விடிந்ததும் அம்மா அதே மாமாவைப் படகில் வடக்கே அனுப்பினாள். எங்கே என்று கேட்டேன். அத்தையாண்ட என்றாள். வேடிக்கை பார்க்க அழைக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

கரையில் ஒரு கீற்றுப் பந்தலில் எனக்கு மேக்கப் நடந்தது. மேக்கப்காரர் கோடம்பாக்கத்து ஆள், வெள்ளைக்காரர்கள் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். முகத்தில் சாம்பல் நிறமாக எதையோ அப்பி, தலைமுடியை நனைத்து, அதில் ஏரிப்பாசியைச் செருகினார். கை வேலை செய்யும்போது வாயும் ஓயாது அவருக்கு.

"பயப்படாத பாப்பா. கோடம்பாக்கத்துல நானு எத்தினியோ பேர சாவடிச்சிக்கீறேன். அல்லாரும் நல்லாத்தான் கீறாங்க. ஷாட்டு முடிஞ்சதும் எழுந்து குந்திக்கினு, கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கணும். அதையும் புடிப்பாங்க. அத எடுக்காம எங்க ஆளுங்க கேமராவ மூடமாட்டாங்க."

"சிரிக்கலன்னா?"

"வாய மூடு, பவுடரு உள்ள போவும்," என்று சொல்லிப் பஞ்சை என் உதட்டின் மேல் வைத்து அழுத்தினார்.

மணலில் கோரைப்பாய் விரித்து என்னைக் கிடத்தினார்கள். டைரக்டர் எங்கோ சாவு வீட்டில் பார்த்து வைத்திருக்கிறார், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றார். பாய் அதைத் தமிழில் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. மேக்கப்காரர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம் சார் என்று முனகினார். சுற்றி நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். தன் பழைய புடவையின் ஓரத்தைக் கிழித்தாள். குனிந்து என் விரல்களைத் தானே கட்டினாள். முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது. அவள் விரல்கள் ஐஸ்கட்டி மாதிரி இருந்தன. என் முகத்தை ஒரு தடவைகூட அவள் பார்க்கவில்லை. அம்மா என்று கூப்பிட்டேன். செத்தவள் பேசக்கூடாது என்றாள்.

அழுவதற்குக் குப்பத்துப் பெண்களையே உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்தார்கள், சத்தம் வரவில்லை. உயிரோடு கிடக்கிற பிள்ளைக்கு யார் மாரடிப்பார்கள்? கையை மார்புக்கு அருகே கொண்டுபோய் ஈ ஓட்டுவது மாதிரி ஆட்டினார்கள். டைரக்டர் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். திரும்பத் திரும்ப எடுத்தும் சரிவரவில்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவோ பாயிடம், "இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க பாய்," என்று கெஞ்சிக்கொண்டே வடக்குப் பக்கம் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள்.

கடைசியாக எல்லாரையும் அதட்டி உட்கார வைத்தார்கள். நான் கண்ணை மூடினேன். தையல் மெஷின் மாதிரி கேமரா ஓடத் தொடங்கியது. மேல் உதட்டில் ஈ ஒன்று உட்கார்ந்து நடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். அப்போது படகு ஒன்று மணலில் உரசி நிற்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஐயோ எம் மருமவளே, எம் ஊட்டுக்கு வெளக்கேத்துவேன்னு இருந்தனே, தண்ணிக்கா வாக்கப்பட்டுப் போயிட்ட, எங்கண்ணே..."

அத்தை என் மேல் வந்து விழுந்தாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் சூடாக ஓடியது. அவள் தலையை மணலில் மோதிக்கொள்கிற அதிர்வு என் முதுகில் தெரிந்தது. நடிப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது ஒரே நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாதென்றால், நான் செத்துவிட்டேன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் குரல் எழும்பியதும் அதுவரை வாயடைத்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் உடைத்துக்கொண்டது. கரை முழுக்க அழுதது. கேமரா நிற்கவில்லை.

நான் இருட்டுக்குள் கிடந்து அந்தக் குரல்களில் அம்மாவைத் தேடினேன். பக்கத்து வீட்டுக்காரி அழுகிறாள், மீன் கூடைக்காரி அழுகிறாள், என்னைக் கரைக்கோழி என்று கூப்பிடுகிற பிள்ளைகள்கூட அழுகின்றன. அம்மாவின் குரல் மட்டும் இல்லை. கண்ணைத் திறந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். திறக்க முயன்று திறக்க வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் முயலவே இல்லை. நிஜமாகவே செத்துவிட்டேனோ என்று தோன்றியது. செத்தவர்களுக்கு எல்லாம் காதில் விழும், அழுகிறவர்களுக்குத்தான் அது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

டைரக்டர் கத்தினார். மெஷின் சத்தம் நின்றது. அத்தையின் கை என் நெஞ்சில் பட்டு அப்படியே நின்றது. நான் கண்ணைத் திறந்ததும் அவள் முன்னைவிடப் பெரிதாக அலறினாள். பிறகு என்னை ஓங்கி ஓர் அறை அறைந்து, அறைந்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்துபோய் அம்மாவின் கொண்டையைப் பிடித்தாள். அம்மா தடுக்கவில்லை. கொண்டை பிடியில் இருக்கும்போதே அத்தையின் காதில் ஏதோ சொன்னாள். அத்தையின் கை தானாகக் கீழே விழுந்தது. அவள் மணலில் உட்கார்ந்து, ஏரித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள். அம்மா வீட்டுக்குப் போய் ஒரு புதுப்புடவை கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். சாவுக்கு வந்தவளுக்குப் புதுத்துணி எதற்கு என்று நினைத்து எனக்குப் பயம் இன்னும் கூடியது. என் தலையில் காக்கை எதுவும் அடிக்கவில்லை, அதனால் மாமாவின் கதை ஞாபகத்துக்கு வரவில்லை.

டைரக்டர் பூரித்துப்போயிருந்தார். மேக்கப்காரர் அவர் பின்னாலேயே ஓடினார். "பாய், அந்தச் சிரிக்கிற ஷாட்ட எடுக்கச் சொல்லு பாய், பொட்டப்புள்ள, ஆகாது." பாய் சொன்னார். டைரக்டர் வானத்தைக் காட்டினார், வெளிச்சம் போய்விட்டது. செத்த பெண் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று கேட்டாராம். கேமராவின் கண்ணை மூடிப் பெட்டியில் வைத்தார்கள். மறுநாள் காலையில் வண்டிகள் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டன.

என் முகத்தைத் துடைத்துவிடும்போது மேக்கப்காரர் சொன்னார். "சரி வுடு பாப்பா. எந்தக் கேமராவா இருந்தா இன்னா. எங்கனா ஒண்ணப் பாத்தா சிரிச்சி வச்சிடு. மறந்துடாத."

எங்கள் குப்பத்தில் கேமராவுக்கு எங்கே போவது? பொன்னேரியில் போட்டோ ஸ்டுடியோ ஒன்று இருந்தது. போட்டோ எடுக்கவேண்டும் என்று அம்மாவிடம் அழுதேன். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்றாள். சினிமாவுக்கு என்னைப் பிணமாகக் கொடுத்தவள் சொல்கிற சொல் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஒருவர் கழுத்தில் கேமராவைப் பார்த்து, ஓடிப்போய் எதிரே நின்று எல்லாப் பல்லையும் காட்டினேன். அவர் என்னை ஒதுங்கச் சொல்லிக் கையசைத்துவிட்டு, மண்டை ஓடு செதுக்கிய கல்லைப் படம் பிடித்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆபீசரின் மூக்குக்கண்ணாடி, பஸ்ஸின் முகப்பு விளக்கு, நைனாவின் டார்ச் என்று கண்ணாடி மாதிரி இருந்த எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்தேன். பெண்ணுக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குத்தானோ என்று நினைத்துக்கொண்டே எழுந்திருப்பேன்.

ஐப்பசி மழையில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏரி பெருகி வாசல்வரை வந்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அம்மா, நான் அன்னிக்கி சிரிக்கலமா. நான் செத்துடுவேன்."

அம்மா என் முடியை ஒதுக்கிவிட்டாள். "நீதான் ஏற்கெனவே செத்துட்டியே கண்ணு. இன்னமே ஒனக்கு ஒன்னியும் ஆவாது. தூங்கு."

அவள் அதை அவ்வளவு நிம்மதியாகச் சொன்னாள். எனக்குக் காய்ச்சல் நின்றது, பயம் இரட்டிப்பாகிவிட்டது. அதுவரை சாகப்போகிறேன் என்றுதான் பயந்திருந்தேன். செத்தாகிவிட்டது என்று பெற்றவளே சொன்ன பிறகு நான் யார்? வெயிலில் நின்று நிழல் விழுகிறதா என்று பார்த்தேன். கால் தரையில் படுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்து நடந்தேன். நாய் குரைத்தால் நின்றுவிடுவேன். கூப்பிட்ட குரலுக்கு அம்மா உடனே திரும்பாவிட்டால் எனக்கு உயிர் போய்விடும், போவதற்கு உயிர் இருக்கிறதா என்று வேறு சந்தேகம் வரும்.

அதற்கு அடுத்த வருஷம், எனக்கு ஒன்பது முடிந்த பிறகு, படம் மெட்ராஸில் ஓடுவதாகப் பாய் சேதி கொண்டுவந்தார். அம்மா, நைனா, அத்தை, நான் எல்லாருமாகப் பொன்னேரிக்கு வந்து ரயில் ஏறினோம். மவுண்ட் ரோட்டில் குளிர்பதனம் செய்த தியேட்டர். உள்ளே நுழைந்ததும் அந்தக் குளிர் அம்மாவின் அன்றைய விரல்களை ஞாபகப்படுத்தியது. வெள்ளைக்காரர்கள் வெகுநேரம் எதையோ பேசினார்கள். நைனா தூங்கிவிட்டார். திடீரென்று எங்கள் ஏரி வந்தது.

சுவர் உயரத்துக்கு என் முகம். சாம்பல் நிறத்தில், பாசியோடு. அது சிரிக்கவில்லை. அத்தை ஓடிவந்து அதன் மேல் விழுந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, தான் அழுவதைப் பார்த்துத் தானே மறுபடியும் அழ ஆரம்பித்தாள். முன்வரிசையில் இருந்து உஸ் என்றார்கள். அப்போதுதான் திரையின் ஓரத்தில் அம்மாவைப் பார்த்தேன். அன்றைக்குக் கண்ணை மூடிக் கிடந்ததால் நான் பார்க்காத அம்மா. சாமி சன்னிதியில் நிற்பவள் மாதிரி அத்தையைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. எங்கள் வாத்தியார் வழுக்கி விழுந்தபோது நாங்களும் இப்படித்தான் துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினோம். எனக்குச் சந்தேகமே இல்லை. நான் செத்துக் கிடக்கிறேன், அம்மா சிரிக்கிறாள்.

அழுகையும் கோபமுமாக முகத்தைத் திருப்பினேன். பின்சுவரில் உயரத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதுவும் கேமராவின் கண் மாதிரிதான் இருந்தது. என் படம் அதற்குள்தான் இருக்கிறது. நாற்காலியில் ஏறி நின்று, அந்த வெளிச்சத்தைப் பார்த்து, தாடை வலிக்கச் சிரித்தேன். அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாத்துக்குடி அங்க பாத்து பல்லக் காட்டுற? குந்து."

அத்தோடு என் பயம் போய்விட்டது. என்னை நானே காப்பாற்றிக்கொண்டேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, கும்மிடிப்பூண்டியில் வந்த கம்பெனி ஒன்றில் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்து அங்கே குடிபோன பிறகுதான், ஒருநாள் பார்க்க வந்த அத்தை பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் தொட்டிலில் கிடந்தபோதே சாமியாடி சொல்லிவிட்டானாம், இதுக்கும் எட்டு வயசுல தண்ணியாலதான் என்று. கண்டம் இருக்கிற பிள்ளையின் காதில் அது விழக்கூடாது என்பதால் அம்மா மூச்சுவிடவில்லை. காக்கைக்குக் கழிப்பது போல இதையும் கழிக்கலாம் என்று அவளாகவே முடிவுசெய்திருக்கிறாள். கட்டைவிரல் கட்டோடு, பாசியோடு, சாவு முழுசாக இருக்க வேண்டும், நம்பி அழுகிற ஒருத்தி வேண்டும்.

"அன்னிக்கி காதுல அதத்தான் சொன்னா," என்றாள் அத்தை. "பெத்தவ அழுதா பலிச்சிடும் இல்ல? அதான் துணியக் கடிச்சிக்கினு நின்னா பாவி. வாயெல்லாம் ரத்தம்."

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. படம் முடிந்து மவுண்ட் ரோட்டின் வெயிலில் இறங்கியபோது, கார்களைப் பார்த்துப் பயந்து அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். நான் செத்தபோது சிரித்தவளின் கையை எதற்குப் பிடிப்பது என்று நினைத்து, நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அம்மா பின்னால் வந்தாள்.